சிறுத்தை முகர்ந்த சட்டை

என் வீட்டுக்காரரை ஒரு சிறுத்தை நக்கியது. பார்த்தவர்கள் எல்லாம் "ஆகா, என்ன அன்பு!" என்று உருகினார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது. நக்கிய சட்டையைத் துவைக்க வேண்டியவள் நானல்லவா?

முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். காட்டோரத்தில் ஒரு விடுதி. பணக்காரர்கள் வந்து தங்குவார்கள், திறந்த ஜீப்பில் சஃபாரி போவார்கள், "இயற்கை, இயற்கை" என்று பெருமூச்சு விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவார்கள். அந்த விடுதியின் சலவை அறையில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரருக்கு 'வாகன உதவியாளர்' என்று பதவி. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான். மற்றபடி எல்லாருக்கும் அவர் வாளி. "வாளி வந்தாச்சா?" "வாளியண்ணே, காத்து இந்தப் பக்கம் அடிக்குது, கொஞ்சம் அப்படிப் போய் நில்லுங்க." பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ, சந்தேகம்தான்.

சிறுத்தை என்ன தொழுவத்தில் கட்டிப்போட்ட மாடா, ஆள் வந்தவுடன் அவிழ்த்துக் காட்ட? வாரக்கணக்கில் கண்ணில் படாது. காசைக் கொட்டி வந்தவர்கள் மானையும் குரங்கையும் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் முதலாளிக்குப் பிழைப்பு ஓடாது. அதனால் கசாப்புக் கடையில் யாரும் சீண்டாத குடல், நுரையீரல், கொழுப்பு எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளி, வெயிலில் வைத்து நன்றாக வாடை ஏற்றி, ஜீப் போகும் பாதையோரம் பாறைக்குப் பின்னால் கொட்டிவிட்டு வருவது இவர் வேலை. காட்டு விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்று நுழைவாயிலில் ஆளுயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைத் துடைப்பதும் இவர்தான்.

சீ! அந்த வாளியைப் பற்றிச் சொல்லவே வாய் கூசுகிறது. மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டு, யாரோ மூச்சு விடுவதுபோல் மெதுவாகக் கொப்பளிக்கும். நாற்றம் மூக்கோடு நிற்காது. பல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு என்ன தின்றாலும் அதே ருசிதான்.

அவர் சட்டையை விடுதியின் சலவை இயந்திரத்தில் போடவே கூடாது என்று உத்தரவு. விருந்தாளிகளின் விரிப்புகளில் வாடை ஏறிவிடுமாம். அந்த விரிப்புகள் என்ன லட்சணத்தில் எங்கள் அறைக்கு வருகின்றன என்று எனக்குத்தானே தெரியும்! கண்றாவி, அதை விடுங்கள். ஆக, இவர் சட்டையை மட்டும் நான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பொதுக் குழாயில் வைத்துத் துவைப்பேன். வாளியில் சட்டையை முக்கும்போதே பக்கத்து வீடுகளில் ஜன்னல் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்கும். நான் மட்டும் எங்கே போய்ச் சாத்த?

உணவுக்கூடத்தில் அவர் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலி. ஒருத்தர் தண்ணீர் எடுக்கப் போவார், ஒருத்தருக்கு ஃபோன் வந்துவிடும், மிச்சம் இருப்பவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளிப்படையாகவே எழுந்து போவார். வீட்டிலும் அவர் கட்டில் ஜன்னலை ஒட்டி, என் கட்டில் எதிர்ச்சுவரை ஒட்டி. கேட்பவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் தோன்றட்டும். எனக்கும் மூக்கு என்று ஒன்று இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் சிறுத்தை நக்கியது.

ஜீப் ஓட்டியவன் என் தம்பி. நடந்ததை அவன்தான் எனக்கு ஒழுங்காகச் சொன்னான். அன்றைக்கு வாளியின் மூடி சரியாக விழவில்லை. பள்ளத்தில் ஜீப் ஏறி இறங்கியதில் குடல்நீர் தளும்பி, இவருடைய இடது சட்டைக் கையில் முழங்கைவரை கொட்டியிருக்கிறது. துடைக்க நேரமில்லை. தீனியைக் கொட்டிவிட்டு, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு, அதே சட்டையோடு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாறையருகே போய் வண்டியை நிறுத்தினால், சிறுத்தை தின்று முடித்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. வண்டியைப் பார்த்தது. எழுந்தது. நேராக வந்தது.

"அக்கா, இன்ஜினோட சேர்த்து நான் மூச்சையும் ஆஃப் பண்ணிட்டேன்," என்றான் தம்பி. "ஏறுற படியில முன்னங்கால் ரெண்டையும் வச்சுது. மாமா தோளுக்கு நேரா அதோட மூஞ்சி. தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் மோந்து பார்த்துச்சு. அப்புறம் நாக்கை நீட்டி, சர்ருனு ஒரு இழுப்பு. உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரி சத்தம். மூணு தடவை நக்குச்சு. மாமா அசையவே இல்ல."

"பயத்துல உறைஞ்சு போயிருப்பார்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா சிரிச்சுக்கிட்டு இருந்தார் அக்கா."

பின்னிருக்கையில் இருந்த ஒரு பெண் அழுதே விட்டாளாம். இறங்கியதும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, மிருகங்களுக்கு நல்ல மனசு தெரியும் என்று ஏதேதோ சொல்லியிருக்கிறாள். கையைப் பிடித்த பிறகுதான் வாடை மூக்கில் ஏறியிருக்கிறது. உடனே விட்டுவிட்டு, கையைத் தன் உடம்பில் படாமல் தள்ளி நீட்டிக்கொண்டே அறைக்கு ஓடியிருக்கிறாள். அவள் எடுத்த வீடியோதான் ஊரெல்லாம் சுற்றியது. வெளியூரில் கட்டிக்கொடுத்த என் மகள் ஃபோனில் கூப்பிட்டு, "அம்மா, அப்பா உலக ஃபேமஸ்!" என்று கத்தினாள். அங்கே வீடியோவில் வாடை வராதே, அவளுக்கென்ன!

அன்று வீட்டுக்கு வந்தவருக்குத் தரையில் கால் பாவவில்லை. "அதோட கண்ணை நீ பார்த்திருக்கணும்," என்றார்.

"அதோட கண்ணு முழுக்க உங்க கையில இருந்த குடல் மேல இருந்திருக்கும்."

"உனக்கு எதுவுமே நல்லதாத் தெரியாது."

எது நல்லது? சட்டைக் கையில் குடல்நீர், அதன்மேல் சிறுத்தையின் எச்சில், அதில் ஒட்டிய மயிர். காய்ந்து விறைத்து அட்டை மாதிரி நின்றது. கழற்றிக் கொடுங்கள் என்றால், மனிதர் அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, "இதைத் தொடாத. ராசியான சட்டை," என்கிறார். ஈ மொய்க்கிற ராசி! உவ்வே. அந்த ஆணியைத் தாண்டி அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

அதற்கப்புறம் அவர் போக்கே மாறிவிட்டது. சஃபாரிக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சட்டைதான். சிறுத்தையும் விடாமல் வந்தது, முகர்ந்தது, நக்கியது. 'சிறுத்தையின் தோழர்' என்று எழுதி இவர் படத்தோடு வரவேற்பறையில் மாட்டினார்கள். விருந்தாளிகள் இவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசைகட்டினார்கள். படம் எடுக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுவார்கள். எடுத்தவுடன் தெறித்து ஓடுவார்கள். இவருக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. சிறுத்தையைக் கண்ணு என்று வேறு கூப்பிட ஆரம்பித்தார். "இன்னைக்குக் கண்ணு கொஞ்சம் வாட்டமா இருந்துச்சு." "கண்ணு என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டுச்சு." மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளை அப்படிக் கூப்பிட்டவர். என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. போயும் போயும் அழுகல் தின்கிற ஒரு ஜந்துவுக்கு இந்த யோகம்.

இந்தக் கூத்தோடு போயிருந்தால் நானும் மூக்கைச் சுளித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். விளம்பரப் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அதற்குத் தலைவி ஒரு பெண், வாசனைத் தைலத்தில் குளித்துவிட்டு வந்தவள். அவளுக்கு ஜீப்பில் உட்கார்ந்தபடி நக்கினால் போதாதாம். இவர் கீழே இறங்கித் தரையில் நிற்க வேண்டும், சிறுத்தை நடந்து வந்து இவர் கையை நக்க வேண்டும், நடுவில் வண்டியும் கம்பியும் தெரியக் கூடாது. முதலாளி உச்சி குளிர்ந்துபோய்ச் சரி என்றுவிட்டார். இவர் அதற்கு மேலே. கரும்பு தின்னக் கூலியா என்கிற முகம்.

தம்பிதான் ஓடி வந்து என்னிடம் சொன்னான். "அக்கா, ஜீப்புல இருக்கிற வரைக்கும் அதுக்கு ஜீப்பும் ஆளும் சேர்ந்து ஒரே பெரிய உருப்படி. அதைத் தாக்கத் தோணாது. இறங்கி நின்னா மாமா தனி ஆள். அதுவும் மேலெல்லாம் தீனி வாசனையோட. நக்கிக்கிட்டே இருக்கிறது ஒரு கடி கடிச்சா என்ன பண்ண முடியும்? சொல்லி நிறுத்து."

அன்று சாயங்காலம் அவர் வந்தவுடன் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன், கத்தினேன், மகளைச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

"அது என்னை ஒண்ணும் செய்யாது. அதுக்கு என்னைத் தெரியும்."

"அதுக்கு உங்க சட்டையைத்தான் தெரியும்."

"உனக்குப் புரியாது. அதுக்கு என் மேல பிரியம்."

"அப்படியா? பிரியம்னா துவைச்ச சட்டை போட்டுக்கிட்டுப் போனாலும் வருமில்ல?"

அவர் கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையை ஒரு தடவை பார்த்தார். பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மனிதருக்கும் உள்ளூரத் தெரிந்துதான் இருக்கிறது.

அவர் திரும்பி வருவதற்குள் சட்டையை ஒரு பையில் சுருட்டிக்கொண்டு சலவை அறைக்குப் போனேன். யாரும் இல்லை. கூடாது என்ற இயந்திரத்திலேயே போட்டேன், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். விரிப்புகளுக்கு ஒரு மூடி மட்டும் ஊற்றுகிற பூவாசனைத் திரவத்தைப் பாட்டிலோடு கவிழ்த்தேன். எடுத்து முகர்ந்து பார்த்து, மறுபடியும் போட்டேன். அப்புறம் இயந்திரத்தை வெறுமனே வெளுப்புநீர் விட்டு ஓட்டிக் கழுவினேன். என் வேலையையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டுமே. இஸ்திரி போட்டபோது சட்டையிலிருந்து ஆவியோடு பூந்தோட்டமே எழும்பியது.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. குடல் வாடை இருந்தால் சிறுத்தை கிட்டே வரும், நக்கும். நக்குவதற்கும் கடிப்பதற்கும் இடையில் என்ன பெரிய தூரம்? வாடை இல்லையென்றால் யாரோ ஒரு மனிதன் என்று ஒதுங்கிப் போகும். போக வேண்டும். போகாமல், யாரோ மனிதன்தானே என்று பாய்ந்துவிட்டால்? இதை யோசித்து யோசித்துத் தலை வெடித்தது. கடைசியில், தீனியாக நிற்பதைவிட மனிதனாக நிற்பது மேல் என்று முடிவு செய்தேன்.

காலையில் சட்டையை நீட்டினேன். வாங்கியவர் மூக்கருகே கொண்டுபோனார். முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டுத் துவைச்ச?"

"ஏங்க, துவைச்சா கண்ணுக்கு உங்களை அடையாளம் தெரியாதா?"

அது பிரியத்துக்கு வரவில்லை, வாடைக்குத்தான் வருகிறது என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? பொத்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டார். "தெரியும். நீயே பாரு," என்றார்.

நானும் பார்க்கத்தான் போனேன். படம் எடுத்த பிறகு அங்கேயே காட்டுக்குள் மேசை போட்டு எல்லாருக்கும் காலை உணவு என்று ஏற்பாடு. வெள்ளை மேசைவிரிப்புகளை மடிப்புக் கலையாமல் கொண்டுபோக வேண்டும், நானே வருகிறேன் என்று சொல்லி, தம்பி ஓட்டிய, முதலாளியும் இருந்த இரண்டாவது ஜீப்பில் ஏறிக்கொண்டேன். இவருக்கு முந்தின நாளே வாளி வேலையிலிருந்து விடுப்பு. நக அழுக்கு கேமராவில் தெரியுமாம். ஆனால் வாளி இல்லாமல் முதலாளிக்குத் தைரியம் வருமா? என் ஜீப்பின் பின்பக்கமே அது கித்தானுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. வழி நெடுக நான் விரிப்புகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, வாந்தியை விழுங்கிக்கொண்டே போனேன்.

பாறையருகே இரண்டு வண்டிகளும் நின்றன. கேமராவைத் தயார் செய்தார்கள். இவர் இறங்கினார். வண்டியை விட்டு விலகிப் புல்தரையில் போய் நின்று, இடது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டார்.

அது புதரிலிருந்து வந்தது. அவ்வளவு பக்கத்தில் நான் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் அழகு, அழகு என்று முணுமுணுத்தார்கள். என் கண்ணுக்கு அதன் காதில் அப்பியிருந்த உண்ணிகளும், தாடையில் வழிந்து காய்ந்திருந்த எச்சிலும்தான் தெரிந்தன. வழக்கமான வண்டிச் சத்தத்துக்கு வழக்கமான தீனியைத் தேடி அது நேராக இவரை நோக்கி வந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. மூக்கை நீட்டி முகர்ந்தது.

தும்மியது.

பூவாசனை ஏறிவிட்டது போலிருக்கிறது. தலையை உதறி, இன்னொரு தடவை தும்மியது. பிறகு, பாதையில் கிடக்கும் கல்லைச் சுற்றிப் போவதுபோல் அவரைச் சுற்றிக்கொண்டு, எங்கள் ஜீப்பை நோக்கி வந்தது. நான் அலறுவதற்குள் பின்பக்கம் தாவிக் கித்தானைக் கிழித்து, வாளியைக் கவிழ்த்துவிட்டது. குடலும் நீரும் இருக்கைக்கு அடியில் ஓடி வந்து எல்லார் காலையும் நனைத்தன. ஒரு நீளக் குடல் மேசைவிரிப்பின் மேல் விழுந்து அப்படியே சரிந்தது. சிறுத்தை வாளியைக் கீழே இழுத்துப் போட்டு, சளப் சளப்பென்று தின்ன ஆரம்பித்தது. வாசனைத் தைலக்காரி தன் மடியிலேயே வாந்தி எடுத்தாள். "தீனி போட்டுத்தான் வரவழைக்கிறீங்களா? சீ!" என்று யாரோ கத்தினார்கள். முதலாளி குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவர் குரல் கேட்டது.

"கண்ணு."

நீட்டிய கையை மடக்காமலே அவர் இங்கே நடந்து வந்துகொண்டிருந்தார். "கண்ணு, நான்தான். இங்க பாரு."

அது பார்க்கவில்லை. தின்றபடியே, தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் விட்டது. காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொண்டன. "ஏங்க! கிட்ட வராதீங்க! ஐயோ, தீனில இருக்கு, கிட்ட வராதீங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் இன்னும் ஓர் அடி வைத்தார். தம்பி ஹாரனை அழுத்தி, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டான். சிறுத்தை துள்ளித் திரும்பி, வாயில் கவ்விய குடல் தரையில் இழுபட, புதருக்குள் போய்விட்டது. அவர் கை நீட்டியபடியே நின்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் திட்டும் ரகளையும்தான். படக்காரர்கள் மூட்டையைக் கட்டினார்கள். முதலாளி இவரைப் பார்த்து, "இனிமே நீ ஜீப்பை விட்டு இறங்குற வேலையே வேண்டாம். தோழராம் தோழர்! முதல்ல இதைச் சுத்தம் பண்ணு," என்றார். மனிதர் அந்த இஸ்திரி போட்ட சட்டையோடு மண்டியிட்டு, சிந்தியதை எல்லாம் இரண்டு கையாலும் அள்ளி வாளியில் போட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறார். எனக்கு அது போதும்.

நான் வீடு திரும்பியபோது அவர் உள்ளே போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பழைய வாடை, புது வாடை, பூவாசனை எல்லாம் கலந்து அடித்தது. இது தனி வாடையைவிடக் கொடுமை.

"எந்திரிச்சுக் குளிங்க. உசுரோட வந்தோமேன்னு சந்தோஷப்படுங்க."

"அது என்னைப் பார்க்கவே இல்ல."

"மிருகம்ங்க அது. குடலுக்கு வருது, குடலைத் தின்னுட்டுப் போகுது."

"தெரியாதா எனக்கு? வாளியைத் தூக்குறவனே நான்தானே," என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "இருந்தாலும், இத்தனை வருஷத்துல மூக்கைப் பொத்தாம என் பக்கத்துல வந்தது அது ஒண்ணுதான்."

வாசலிலேயே நின்றேன். அவர் சொன்னதில் பொய் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

"தள்ளி உட்காருங்க," என்றேன்.

அவர் உடனே எழுந்தார். என்னைப் பார்க்காமல் குழாயடிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க?"

"நீதானே தள்ளி உட்காரச் சொன்ன."

"ஐயோ மனுஷா, நான் உட்கார இடம் விடுங்கன்னு சொன்னேன்!"

நம்பாமல் நின்றார். நான் போய்ப் படியில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினேன். வந்து உட்கார்ந்தார். நாற்றத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. என் கை தானாக மூக்கை நோக்கி எழுந்தது. அதை அப்படியே இறக்கி, பிசுபிசுத்த அவர் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.